மிஞ்சிப்போன வெளிநாட்டுப் பணம்: மாற்றுவதா, வைத்திருப்பதா?

கேள்வி: விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூர், மலேசியா போய்வந்தோம். செலவு போக 340 சிங்கப்பூர் டாலரும் 215 ரிங்கிட்டும் நோட்டாகக் கையில் நிற்கின்றன. பிள்ளைகள் சேர்த்த சில்லறை ஒரு பை நிறைய இருக்கிறது. வெளிநாட்டுச் செலவுக்குப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் 410 அமெரிக்க டாலர் மிச்சம். "அப்படியே வை, விலை ஏறும்" என்கிறார் கணவர். வெளிநாட்டுப் பணத்தை வீட்டில் வைத்திருப்பதே தப்பு என்று பயமுறுத்துகிறார் நாத்தனார். பக்கத்து வீட்டுத் தம்பி அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறான். அவனிடம் டாலரைக் கொடுத்து ரூபாயாக வாங்கிக்கொள்ளலாமா? அடுத்த வருடம் துபாய் போகும் யோசனை இருக்கிறது. இதற்கிடையே மாமனாரின் பெட்டியில் நான்கு பழைய 20 பவுண்டு நோட்டுகள் வேறு கிடைத்தன. எதை என்ன செய்வது? (வாசகி, திருச்சி)

பதில்: முதலில் நாத்தனாரின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். இந்தியாவில் வசிக்கும் ஒருவர், பயணத்துக்கு முறைப்படி வாங்கி மிஞ்சிய வெளிநாட்டு நோட்டுகளை 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை காலக்கெடு இல்லாமல் தன்னிடம் வைத்திருக்கலாம். ரிசர்வ் வங்கியே அனுமதித்திருப்பது இது. வரம்பு ஆளுக்கு 2,000. குடும்பத்துக்குச் சேர்த்து அல்ல. அதற்கு மேல் இருந்தால் ஊர் திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியிலோ, உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ கொடுத்துவிட வேண்டும். நாணயங்களுக்கு எந்த உச்சவரம்பும் கிடையாது. உங்களிடம் உள்ள நோட்டு, கார்டு எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒருவருக்கான வரம்பில் பாதியைக்கூடத் தொடவில்லை. நிம்மதியாக இருங்கள்.

2,000 டாலருக்கு மேல் மிஞ்சியவர்களுக்கு ஆர்எஃப்சி டொமஸ்டிக் (இந்தியாவில் வசிப்பவருக்கான வெளிநாட்டு நாணயக் கணக்கு) என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்நியச் செலாவணி கையாளும் வங்கிகளில் தொடங்கலாம். டாலரை டாலராகவே வைத்திருக்கலாம், வட்டி கிடையாது. உங்கள் தொகைக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

சரி, இப்போது பணக் கணக்குக்கு வருவோம். இந்த விஷயத்தில் நஷ்டம் வருவது பெரும்பாலும் விலை இறங்குவதால் அல்ல, பணம் கவுண்ட்டரைத் தாண்டும் ஒவ்வொரு முறையும்தான். கூகுளில் பார்க்கும் விலை வங்கிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் மொத்த விலையை ஒட்டியது. கடையில் இரண்டு விலை இருக்கும்: அவர்கள் உங்களிடம் வாங்கும் விலை, உங்களுக்கு விற்கும் விலை. ஒரு பேச்சுக்கு, இணையத்தில் சிங்கப்பூர் டாலர் 67 ரூபாய் என்று காட்டினால், கடையில் வாங்குவது 65, விற்பது 69 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 340 டாலருக்கு 22,100 ரூபாய் வரும். ஆறு மாதம் கழித்து அதே 340 டாலரைத் திரும்ப வாங்கப் போனால், விலை ஒரு பைசா ஏறாவிட்டாலும் 23,460 ரூபாய் கொடுக்க வேண்டும். 1,360 ரூபாய் போய்விட்டது.

போதாக்குறைக்கு ஜிஎஸ்டி. நாணய மாற்றில் முழுத் தொகைக்கும் வரி இல்லை. பெரும்பாலான கடைகள் பின்பற்றும் முறையில், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்துக்குத் தொகையில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்து, அதன்மேல் 18 சதவீதம் போடுவார்கள். ஆனால் அந்தச் சேவை மதிப்பு எவ்வளவு சிறியதானாலும் 250 ரூபாய்க்குக் குறையாது. அதனால் 25,000 ரூபாயை மாற்றினாலும் 45 ரூபாய் வரி, 1,000 ரூபாயை மாற்றினாலும் அதே 45 ரூபாய் வரி. ஐம்பது ரிங்கிட், நூறு ரிங்கிட் என்று பிரித்துப் பிரித்து மாற்றாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். மாற்றுவதானால் ஒரே தடவை, எல்லாவற்றையும் சேர்த்து.

ஆகவே, "விலை ஏறுமா" என்று யோசிப்பதற்கு முன்னால் "அந்த நாட்டுக்கு மறுபடி போவோமா" என்று யோசியுங்கள். ஓரிரு வருடத்தில் சிங்கப்பூர் போக வாய்ப்பு உண்டென்றால் 340 டாலரை மாற்றவே வேண்டாம். அங்கே இறங்கியதும் டாக்சிக்கும் முதல் நாள் சாப்பாட்டுக்கும் அது போதும். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கும் ஊர், உறவுக்காரர்களும் யாராவது இருப்பார்கள். போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். போகவே மாட்டோம் என்றால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

உங்கள் கணவரின் வாதத்தையும் தட்டிவிட முடியாது. ரூபாய் நீண்ட காலமாகச் சரிந்துகொண்டுதான் வருகிறது. 2014இல் சிங்கப்பூர் டாலர் சுமார் 48 ரூபாய். 2024இல் சுமார் 63. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூட்டு வட்டிக் கணக்கில் அது ஆண்டுக்கு 3 சதவீதம்கூட வரவில்லை. அதே பத்து வருடம் சாதாரண வங்கி வைப்புநிதியில் போட்டிருந்தால் இதைவிட நன்றாகவே கிடைத்திருக்கும். அமெரிக்க டாலர் 60 சொச்சத்திலிருந்து 84 பக்கம் போனது. அதுவும் ஆண்டுக்கு மூன்றரை சதவீதத்தைத் தாண்டவில்லை. ரிங்கிட்டோ 2014இலும் 18 ரூபாய் பக்கம், 2024இலும் 18 ரூபாய் பக்கம். இடையில் ஏறியது இறங்கியது எல்லாம் இருக்கும். பத்து வருடம் அதைக் காத்துக் கிடந்தவருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. பீரோவில் இருக்கும் நோட்டு வட்டி தராது, விற்கும்போது கடைக்காரர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். செலவழிக்கப் போகும் பணமாக இருந்தால் வைத்திருங்கள். முதலீடாக நினைத்து வைத்திருக்க வேண்டாம்.

எனவே ரிங்கிட்டை மாற்றிவிடலாம் என்பது என் யோசனை. சிங்கப்பூரில் இருந்தபோதே மாற்றியிருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாணயத்துக்கு எங்கே தேவை அதிகமோ அங்கேதான் நல்ல விலை கிடைக்கும். ரிங்கிட்டுக்கு அந்த இடம் சிங்கப்பூர். அடுத்த முறை இரண்டு நாடு சேர்த்துப் போனால், முதல் நாட்டுப் பணத்தை இரண்டாவது நாட்டிலேயே, அது சிங்கப்பூர் என்றால் சையத் ஆல்வி சாலையின் முஸ்தபா சென்டரிலோ ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடிலோ, மாற்றிச் செலவழித்துவிடுங்கள். அதற்காக விமான நிலையம் வந்து சேரும்வரை தள்ளிப்போட வேண்டாம். விமான நிலையக் கவுண்ட்டர் எந்த ஊரிலும் கடைசிப் புகலிடம்தான்.

ஒரு விதத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். திருச்சி, சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போய்வரும் ஊர். சிங்கப்பூர் டாலர், ரிங்கிட், திர்ஹாம் மூன்றையும் எப்போதும் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கடைக்காரருக்கு அவை கையில் தேங்காது. அதனால் பேரம் பேச இடம் உண்டு. வியட்நாம் டாங்கையோ இந்தோனேசிய ருப்பியாவையோ கொண்டுவந்தவர் பாடுதான் கஷ்டம். அவற்றைப் பல கடைகள் வாங்கவே யோசிக்கும், வாங்கினாலும் அடிமாட்டு விலைதான். அந்த நாடுகளுக்குப் போகிறவர்கள் கடைசி நாளிலேயே நோட்டைத் தீர்த்துவிட்டு வருவது உத்தமம்.

கடைக்குப் போகும் முன் இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் போட்டு, "இத்தனை ரிங்கிட் நோட்டு இருக்கிறது, எல்லாம் போகக் கையில் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேளுங்கள். "ரேட் என்ன?" என்று மட்டும் கேட்டால் நல்ல விலையைச் சொல்லிவிட்டுக் கட்டணத்தை அப்புறம் பிடிப்பவர்களும் உண்டு. பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். 1,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை ரொக்கமாகவே தரலாம். அதற்கு மேல் வங்கிக் கணக்கில்தான். பயணத்துக்கு முன் பணம் வாங்கிய கடையின் பில் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். மிச்சத்தை அதே விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சில கடைகள் அப்போதே எழுதித் தரும். அதற்குக் கெடு இருக்கும்.

நோட்டின் நிலையும் முக்கியம். கட்டு கட்டியபின் மேல் நோட்டில் பேனாவால் எண்ணிக்கை எழுதுவதும், ஸ்டேப்ளர் அடிப்பதும் நமக்குக் கைவந்த பழக்கம். அமெரிக்க டாலரில் அதைச் செய்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார், அல்லது வேண்டாம் என்று தள்ளிவிடுவார். மடிக்காமல் ஒரு உறைக்குள் வையுங்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பி விஷயத்தில் உங்கள் எண்ணம் நியாயமானதுதான்: இருவருக்கும் கடைக்காரர் பங்கு மிச்சம். ஆனால் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா, அங்கீகாரம் பெற்றவர் அல்லாத ஒருவரோடு வெளிநாட்டுப் பணத்தை வாங்கவோ விற்கவோ கூடாது என்கிறது. 340 டாலருக்காக யாரும் கதவைத் தட்டப் போவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அந்தத் தம்பிக்கும் தன் கையில் உள்ள பணம் எங்கே வாங்கியது என்று காட்ட ஒரு பில் இருப்பது நல்லது. அவனையும் கடையிலேயே வாங்கச் சொல்லுங்கள்.

இனி கார்டில் உள்ள 410 டாலர். இது உங்களிடம் இருப்பதிலேயே பயனுள்ள பணம், ஏனென்றால் நீங்கள் துபாய் போகப் போகிறீர்கள். அமீரகத்தின் திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. டாலர் ஏறினால் திர்ஹாமும் கூடவே ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். டாலரை வைத்திருப்பதும் திர்ஹாமை வைத்திருப்பதும் உங்களுக்கு ஒன்றுதான். ரூபாயாக மாற்றிவிட்டு அடுத்த வருடம் திர்ஹாம் வாங்குவது வீண் செலவு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டாலர் மட்டும் ஏற்றிய கார்டைத் துபாய்க் கடையில் தேய்த்தால், வேறு நாணயத்தில் செலவு என்று சொல்லி வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும். பல கார்டுகளில் இது 3 சதவீதத்துக்கு மேல். பல நாணயக் கார்டு என்றால் டாலரிலிருந்து திர்ஹாமுக்கு ஆப்பிலேயே மாற்றலாம், ஆனால் அதற்கும் ஒரு விலை வித்தியாசம் இருக்கும். இரண்டில் எது குறைவு என்று கட்டண அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பயன்படுத்தாத கார்டுக்குச் சில மாதங்கள் கழித்துக் கட்டணம் பிடிக்கும் வங்கிகளும் உண்டு. கார்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். துபாய் போகும்வரை ஆப்பில் கார்டைப் பூட்டி வையுங்கள்.

துபாய் திட்டம் கைவிட்டுப் போனால், வங்கியில் விண்ணப்பம் கொடுத்து மீதியை ரூபாய்க் கணக்குக்கு வாங்கிக்கொள்ளலாம். கார்டு மீதிக்குக் கிடைக்கும் விலை பொதுவாக நோட்டுக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் மேல். ஹோட்டலில் முன்பணமாகப் பிடித்து வைத்த தொகை எல்லாம் திரும்பி வந்துவிட்டதா என்று பார்த்தபிறகு கணக்கை முடியுங்கள். சில ஹோட்டல்கள் அதை விடுவிக்க வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

சில்லறைப் பைக்கு வருவோம். இதை இங்கே எந்தக் கடையும் வாங்காது. நாணயத்தைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பும் செலவு அதன் மதிப்பைவிட அதிகம், அதனால் நாணய மாற்றுக் கடைகள் நோட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. சிங்கப்பூரின் ஒரு டாலர் காசுகளை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுங்கள். ஒவ்வொன்றும் அறுபது ரூபாய்க்கு மேல். முப்பது காசு இருந்தாலே இரண்டாயிரம் ரூபாய் பக்கம் வந்துவிடும். அவற்றை அந்த 340 டாலரோடு சேர்த்து வைத்தால் அடுத்த பயணத்தில் செலவாகும். மலேசியாவின் சென் காசுகளைப் பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டும். விமானத்தில் உறை கொடுத்துச் சில்லறை திரட்டும் யுனிசெஃப் திட்டம் ஒன்று 1987 முதல் நடக்கிறது. அதில் சேர்ந்த விமானத்தில் போனால் அங்கே போட்டுவிடலாம். கோயில் உண்டியலில் போடும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. நோட்டாக இருந்தால் ரூபாயாக மாற்றிப் போடுங்கள்; யார் போட்டது என்று தெரியாத வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்கு காட்டுவது கோயில் அலுவலகத்துக்குப் பெரிய தலைவலி.

சிங்கப்பூர்ச் சில்லறையோடு புருனை டாலர் ஏதாவது கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 1967 முதல் இரண்டும் சம மதிப்பில் செல்லும் என்று இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம். சிங்கப்பூரில் அதை அப்படியே கொடுக்கலாம்; திருச்சியில் கொடுத்தால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

கடைசியாக மாமனாரின் பவுண்டு. நோட்டின் பின்புறம் ஆடம் ஸ்மித் படம் இருந்தால் அது பழைய காகித நோட்டு. 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடைகளில் செல்லாது. இங்கேயுள்ள கடைகளும் வாங்காது. ஆனால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இங்கிலாந்து வங்கி தான் வெளியிட்ட பழைய நோட்டுகளுக்கு எந்தக் காலத்திலும் மாற்று தரும்; லண்டன் திரெட்நீடில் தெருவில் உள்ள அதன் அலுவலகத்தில் நேரில் கொடுத்தும் மாற்றலாம். நான்கு நோட்டு என்றால் 80 பவுண்டு, சும்மா விடும் தொகை இல்லை. இங்கிருந்து தபாலில் மட்டும் அனுப்ப வேண்டாம். பிரிட்டனில் வசிக்கும் உறவினர் யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புங்கள். அங்கே வங்கிக் கணக்கு உள்ளவருக்கு வேலை சுலபம். ஓவியர் டர்னர் படம் போட்ட வழவழப்பான பாலிமர் நோட்டாக இருந்தால் இந்தச் சுற்று எதுவும் தேவையில்லை. அது இன்னும் செல்லும். ரிங்கிட்டோடு சேர்த்து அதே கடையில் கொடுத்துவிடலாம்.