வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில்

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் போக ஆசை. எத்தனை நாள் தேவை, எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும்?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: நல்ல ஆசை, கட்டாயம் போங்கள். புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஐந்து நாளாகப் பிரித்தால் உடம்பு தாங்கும். ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று முதுகைத் தள்ளிவிடும், மார்கழியில் போனால் வாடைக்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டிவரும், மழையும் சேர்ந்துகொள்ளும்.

முதுகில் பையைச் சுமக்கவே வேண்டாம். முதல் தடவை நான் அப்படித்தான் போனேன், சிலாபம் போவதற்குள்ளேயே தோள்பட்டை கன்றிச் சிவந்துவிட்டது. கரியரின் இரண்டு பக்கமும் பை தொங்கவிட்டு, பாரமானதை அடியில் வையுங்கள். உடுப்பு இரண்டு சோடி போதும். டியூப் இரண்டு, ஒட்டுப் போடும் சாமான், கைப்பம்ப் கட்டாயம். டியூப் மாற்றும்போது டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள், குத்திய முள் அங்கேயே இருந்தால் புது டியூபும் போய்விடும்.

தண்ணீர் மூன்று லீட்டர். அப்புறம், புத்தளம் தாண்டினால் யானை நடமாட்டம் உண்டு, இருட்டுவதற்கு முன்பே தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.