கிளாமிஸ் கோட்டையைப் போன்ற பேய்க் கதைகள் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கும் உண்டா?

உண்டு. ஆனால் அங்கே அச்சம் பிறந்த காரணம் வேறு, இங்கே பிறந்த காரணம் வேறு.

ஸ்காட்லாந்தின் கிளாமிஸ் கோட்டைக் கதைகளுக்குப் பின்னால் அரசியலும் கொலையும் இருக்கின்றன. மன்னர் ஐந்தாம் ஜேம்ஸுக்கு நஞ்சிடச் சதி செய்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஜேனட் டக்ளஸ் சீமாட்டி 1537இல் எடின்பரோவில் எரித்துக் கொல்லப்பட்டார். அவரே சாம்பல் நிறப் பெண்ணுருவாகக் கோட்டையின் சிற்றாலயத்துக்கு வருகிறார் என்று சொல்லப்படுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது ஒளித்துவைத்த அறையைப் பற்றிய கதை. விருந்தினர்கள் கூடி, தாங்கள் போக முடிந்த அறைகளின் சன்னல்களில் எல்லாம் துண்டுகளைத் தொங்கவிட்டு வெளியே வந்து பார்த்தபோது, துண்டில்லாத சன்னல்களும் தென்பட்டனவாம்.

அதே சோதனையைச் செட்டிநாட்டு ஊர்களான கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ செய்து பார்த்தால் துண்டில்லாத சன்னல்களே மிகுதியாக இருக்கும். அதில் மர்மம் ஏதும் இல்லை, பங்காளிகளின் பூட்டுதான். வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் தனித்தனிப் புள்ளிகளுக்கு, அதாவது திருமணமான ஒவ்வொரு தம்பதியின் குடும்பத்துக்கும் உரியவை. ஒன்றின் சாவி சென்னையில் இருக்கும், இன்னொன்றின் சாவி சிங்கப்பூரில் இருக்கும். 1942இல் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும், கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன பர்மாவில் வாங்கிய நிலங்கள் பின்னர் நாட்டுடைமையானதும் பல குடும்பங்களின் செல்வத்தைக் கரைத்தன. பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் திருமணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் மட்டும் வந்து கதவைத் திறந்தார்கள். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீளும் அத்தகைய வீட்டில் காவல்காரர் ஒருவர் மட்டும் படுத்திருந்தால், வௌவாலின் சிறகடிப்பும், பகல் வெயிலில் சூடேறிய தேக்கு உத்திரம் இரவில் குளிர்ந்து சுருங்கும் ஓசையும் அவருக்கு ஆள் நடமாட்டமாகத்தான் கேட்கும்.

மேலும், வீட்டில் இறந்தவர்களை, இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்களான நகரத்தார் அஞ்சி விலக்குவதில்லை. மறைந்த முன்னோருக்கும், இளவயதிலேயே மாண்டு தெய்வமாகிவிட்டவர்களுக்கும் புடவையும் வேட்டியும் வைத்துப் படைத்து, அந்தத் துணிகளைப் பேழையில் காத்து, பங்காளிகள் ஒன்றாக அமர்ந்து உண்பார்கள். கிளாமிஸில் ஆவியாக அலையவிடப்பட்ட சீமாட்டியைப் போன்ற ஒருத்தி இங்கே இருந்திருந்தால், அவளுக்கும் ஆண்டுதோறும் ஒரு புடவை கிடைத்திருக்கும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பேய் இருக்கிறதா என்று சிறுவயதில் அப்பத்தாவிடம் கேட்டபோது, "நம்ம வீட்டுக்குள்ள வேற யாரு வரப்போறா, நம்ம ஆளுகதான்" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார்.

ஆகவே ஆட்கள் கூடும் வீட்டைப் பற்றி யாரும் பேய்க் கதை சொல்லி நான் கேட்டதில்லை. படைப்புக்குக்கூட எவரும் வராத வீட்டுக்குத்தான் கதை கட்டுகிறார்கள். திருடர் வராமலிருக்கக் காவல்காரரே கட்டிய கதையும் அவற்றுள் இருக்கலாம் என்பது என் ஐயம். அந்தக் கதையும் வீடு நிற்கும் வரைதான். பிரித்து விற்கப்பட்ட வீடுகளின் கதவுகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதிக் கடைகளுக்கு வரும்போது, அவை எந்த வீட்டிலிருந்து வந்தவை என்றுகூட எவரும் விசாரிப்பதில்லை. பர்மாத் தேக்குதானா என்று மட்டும் தட்டிப் பார்க்கிறார்கள்.