விசா கேட்டால் எப்படி?

கேள்வி: டெக்சாசில் மகன் வீட்டில் இருக்கிறேன். தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் அனுப்பிய மடலில் பள்ளி நிதி, வெள்ள வடிகால், சொத்து வரி எல்லாம் இருக்கிறது. விசா பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

பதில்: அது அவர் கையில் இல்லை, அம்மா. குடியேற்றச் சட்டம் வாஷிங்டன் சமாச்சாரம். உங்கள் மகன், தன் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரின் அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும்.

சொத்து வரிப் பகுதியை மட்டும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள். சொந்த வீட்டில் குடியிருப்போருக்கான பள்ளி வரி விலக்கு 2023-இல் 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சமானது, 2025-இல் 1,40,000 ஆனது. பேரவை சொன்னால் போதாதென்று இரண்டு முறையும் நவம்பரில் வாக்காளர்களிடமும் கேட்டுத்தான் உயர்த்தினார்கள். வரியில் கழிப்பதில்லை, வீட்டின் மதிப்பில் கழிப்பது. விண்ணப்பிக்காதவருக்குக் கிடைக்காது. மகன் விண்ணப்பித்தாரா?

'மசோதா தாக்கல் செய்தேன்' என்று உறுப்பினர் பெருமையாக எழுதியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். டெக்சாஸ் பேரவையின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும்தான், அதிகபட்சம் 140 நாள். அதற்குள் நிறைவேறாவிட்டால் மசோதா காலாவதி. ஆயிரக்கணக்கில் தாக்கலாகும், பாதிகூடத் தேறாது. (இந்த உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் 600 டாலர்தான். நம்மூர் எம்.எல்.ஏ. கேட்டால் சிரிப்பார்!) மசோதா எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆளுநர் கையெழுத்து வரை போனதா என்று பாருங்கள்.