பார்சல் ஜெர்மனி வந்தது, வீடு வரவில்லை

கேள்வி: டார்ட்மண்டில் ஒரு வீட்டில் உள்வாடகைக்கு அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். திருச்சியிலிருந்து அக்கா தபாலில் அனுப்பிய பார்சல், 'பெறுநரைக் கண்டறிய முடியவில்லை' என்று டிராக்கிங்கில் நின்று ஒரு வாரம் ஆகிறது. நான் வீட்டில்தான் இருந்தேன்! தெரு, வீட்டு எண், '2-ம் மாடி, ரூம் 4' எல்லாம் அக்கா எழுதியிருக்கிறாள். வாடிக்கையாளர் சேவையில், அனுப்பியவர்தான் விசாரிக்க வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, டார்ட்மண்ட்

பதில்: முதலில் கீழே இறங்கி, வாசலில் உள்ள அழைப்பு மணிப் பலகையைப் பாருங்கள். உங்கள் பெயர் அதில் இருக்கிறதா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன். நம்மூர்ப் போஸ்ட்மேன் மாடியையும் கதவு எண்ணையும் பார்த்து வருவார். ஜெர்மனியில் கட்டடத்துக்குத்தான் எண், உள்ளே இருக்கும் பெரும்பாலான வீடுகளுக்குத் தனிக் கதவு எண்ணே கிடையாது, மணியில் ஒட்டியிருக்கும் பெயர்தான் முகவரி. வீட்டுக்காரர் பெயர் மட்டும் இருக்கிற பலகையில் உங்களை யார் கண்டுபிடிப்பார்? 'ரூம் 4' என்று எழுதியதற்குப் பதில், உங்கள் பெயருக்குக் கீழே 'bei' (பை, ஜெர்மனில் இன்னார் வீட்டில் என்று பொருள்) போட்டு வீட்டுக்காரர் பெயரை எழுதியிருக்க வேண்டும். இன்றைக்கே மணியிலும் தபால் பெட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் அக்கம்பக்கம் கேளுங்கள். 2011-ல் மதுரையிலிருந்து என் அம்மா அனுப்பிய துணி தைத்த பார்சல் அப்படித்தான் கிடைத்தது. எங்கள் வீட்டு எண் 17. அம்மா குறுக்குக் கோடு இல்லாமல் 7 போடுவார். ஜெர்மன்காரர்கள் 7-க்கு நடுவில் கோடு போடுவார்கள், அவர்களுடைய 1-க்குத் தலையில் நீளமான கொக்கி. ஆக அம்மாவின் 17 அவர்கள் கண்ணுக்கு 11! பதினோராம் எண் வீட்டுப் பாட்டி ஒன்பது நாள் அதைத் தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டு, யாருடையதோ என்று காத்திருந்தார். பெருங்காய வாசம் தெருவுக்கே வந்ததாம்.

அங்கேயும் இல்லையா? சரி, அக்காவைக் கிளப்ப வேண்டியதுதான். அனுப்பியவர்தான் விசாரிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னது தட்டிக்கழிப்பு அல்ல, நடைமுறையே அதுதான். தபால் ரசீதோடு, பார்சல் போட்ட அஞ்சலகத்திலேயே விசாரணை மனு கொடுக்கச் சொல்லுங்கள். அனுப்பிய மறுநாளிலிருந்து 6 மாதம் வரை அவகாசம் உண்டு. ரசீதிலுள்ள எண் 13 இடம் கொண்டது, ஐ.என். என்று முடியும். அதே எண் ஜெர்மன் தபாலின் டிராக்கிங்கிலும் வேலை செய்யும், இரண்டையும் பாருங்கள். சுங்கப் படிவத்தில், சேராவிட்டால் திருப்பி அனுப்பவா, கைவிட்டதாகக் கொள்ளவா என்று ஒரு கட்டம் இருக்கும். அக்கா எதில் டிக் போட்டாள் என்றும் கேளுங்கள். திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தால், இந்நேரம் திருச்சிக்குப் புறப்பட்டிருக்கவும் கூடும்.

டிராக்கிங்கில் சுங்கம் என்று ஒரு வரி வந்தால் கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அந்தக் கடிதமும் இதே அரைகுறை முகவரிக்குத்தான் வரும். உங்கள் பகுதிச் சுங்க அலுவலகத்துக்கு எண்ணோடு போன் செய்யுங்கள். அதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாள் அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்பு வரை வரியில்லாமல் வரும். ஆனால் வீட்டு நெய் டப்பா ஏதாவது வைத்திருந்தால், அதை எடுத்துக்கொள்வார்கள் என்று இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.