முலாம்பழம் ஏன் இனிக்கவில்லை? வளவுத் தோட்டத்துக்கான கேள்வி பதில்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் கிணற்றடியோடு சேர்ந்த நாலு பரப்புச் செம்பாட்டு மண்ணில் பத்து வருடத்துக்கு மேலாக முலாம்பழம் வைக்கிறேன். முதல் இரண்டு வருடமும் காய்த்ததை மாட்டுக்குத்தான் போட்டேன். அதனால் கேட்பவர்களின் ஏமாற்றம் எனக்கு நன்றாகவே விளங்கும். வந்த கேள்விகளைச் சுருக்கி, பதிலோடு கீழே தருகிறேன்.

நல்லூர் அக்கா ஒருவர்: பழம் பெரிதாக வந்தது, வாசமும் இருந்தது. வெட்டினால் பச்சைத் தண்ணீர். மாம்பழம் போல வைக்கோலுக்குள் மூன்று நாள் வைத்தும் இனிக்கவில்லை.

இனிக்காது அக்கா. மாங்காயில் மாச்சத்து இருக்கிறது, பறித்த பிறகு அது சர்க்கரையாக மாறும். முலாம்பழத்தில் அப்படி மாறுவதற்கு மாச்சத்துச் சேமிப்பு இல்லை. கொடியில் இருக்கும்போது இலை அனுப்பிய சர்க்கரை எவ்வளவோ, அவ்வளவுதான். பறித்து வைத்தால் பழம் மெத்தென்று ஆகும், வாசம் கூடும், இனிப்பு மட்டும் கூடாது.

அந்தச் சர்க்கரையின் பெரும்பகுதி வந்து சேர்வது கடைசி இரண்டு கிழமைக்குள். அந்த நேரம் நாங்கள் என்ன செய்கிறோம்? பழம் பெருக்கட்டும் என்று காலையும் மாலையும் தண்ணீர் இறைக்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். பழம் பெருத்தது, ருசி கரைந்தது. இப்போது பழம் முழு அளவுக்கு வந்து தோலில் வலை போன்ற கோடுகள் விழுந்ததும் இறைப்பைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். அடியோடு நிறுத்துவதில்லை. இலை வாடினால் சர்க்கரை செய்ய ஆளில்லை. காயப்போட்டுவிட்டு ஒருநாள் திடீரென்று வாரி இறைத்தாலும் பழம் பிளந்துவிடும்.

இன்னொன்று, ஒரு கொடியில் எத்தனை பழம் விட்டீர்கள்? ஆறு ஏழு என்றால் ஆறு ஏழும் சப்பென்றுதான் இருக்கும். இரண்டு, மிஞ்சினால் மூன்று. மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளி விடுங்கள். மனம் வராது, தெரியும்.

கோப்பாய்த் தம்பி: எந்த மாதம் விதைக்கலாம்?

மாரி மழை முடியட்டும். ஐப்பசி, கார்த்திகையில் போட்டால் இலை அழுகும், நோய் வரும். நான் தைப்பொங்கலை ஒட்டி விதைக்கிறேன், சித்திரைக்குள் பழம் கைக்கு வரும். இனத்தைப் பொறுத்து 75 முதல் 90 நாள். பிந்திப் போட்டால் சோழகக் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று, பிடித்துக்கொள்ளும். கொடியைப் புரட்டிப் புரட்டிப் போட்டு இலையைக் கிழித்துவிடும்.

மூன்றடிக்கு ஒரு குழி, உக்கிய மாட்டெரு இரண்டு கூடை, மேலே கொஞ்சம் மேடாக மண். குழிக்கு மூன்று விதை, ஒரு விரற்கணு ஆழம். பிறகு நல்ல கன்று ஒன்றை மட்டும் விடுங்கள். இதன் வேரைக் குழப்பக் கூடாது. ஆகவே கன்று வளர்த்து நடுவதென்றால் கடதாசிக் கோப்பையில் போட்டு, இரண்டு இலை வந்ததும் மண்ணோடு இறக்குங்கள்.

சுன்னாகம்: ஐயா, கொடி பத்தடி ஓடிவிட்டது. பூவெல்லாம் கொட்டுகிறது. யூரியா போடட்டுமா?

போடவே வேண்டாம். முதலில் வருவதெல்லாம் ஆண்பூ, அது கொட்டத்தான் செய்யும். பிஞ்சு பிடிக்கிற பூவைப் பார்த்தால் தெரியும், இதழுக்குக் கீழே மயிர் பிடித்த குட்டிக் காய் ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் பக்கக் கொடியில்தான் வரும். தாய்க்கொடியில் ஐந்து இலை விட்டதும் நுனியைக் கிள்ளியிருந்தால் பக்கக் கொடி முன்னமே வந்திருக்கும். இப்போதும் கிள்ளலாம்.

தேனீ குறைவான வளவு என்றால் காலை ஒன்பது மணிக்குள் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பிஞ்சுள்ள பூவின் நடுவில் தடவுங்கள். பூக்கும் காலத்தில் காலையில் மருந்து அடித்துவிட்டுத் தேனீ வரவில்லை என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

யூரியா விடயம். எங்கள் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று (தழைச்சத்து உப்பு) கூடுதல் என்பது ஆய்வுகளில் பல தடவை வந்த செய்தி. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு. போட்ட பசளை சுண்ணக்கல்லுக்குள்ளால் இறங்கி, கிணற்றுக்கே திரும்பி வருகிறது. அந்தத் தண்ணீரை இறைக்கும்போதே கொடிக்குக் கொஞ்சம் பசளை போய்விடுகிறது. அதற்கு மேல் யூரியாவும் போட்டால் இலைக்காடுதான் மிஞ்சும்.

பருத்தித்துறை: வேலியோரம் கெக்கரி (சலாதுக்கு வெட்டும் காய்) நிற்கிறது. மகரந்தம் கலந்து முலாம்பழம் சப்பென்று ஆகும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறா.

அம்மாவிடம் சொல்லுங்கள், கெக்கரியும் முலாமும் ஒன்றோடொன்று சேராது, வேறு வேறு இனம். வத்தகப்பழமும் (தர்ப்பூசணி) சேராது. ஆனால் பழுத்தால் வெடிக்கிற எங்கள் வெள்ளரிப்பழம் முலாமுக்குச் சொந்தச் சகோதரம், அது கலக்கும். கலந்தாலும் இந்த வருடப் பழத்தின் ருசி மாறாது. அதன் விதையை எடுத்து அடுத்த வருடம் போட்டால்தான் கூத்து தெரியும். பைக்கற்றில் வரும் கலப்பின விதையும் அப்படித்தான், பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாயைப் போல வராது.

வேலணை: எங்கள் கிணறு கொஞ்சம் சவர். சரிவருமா?

இலேசான சவர் என்றால் வரும். காய் சிறுக்கும், சிலவேளை இனிப்புக் கூடும். இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள், எருவும் வைக்கோல் மூடாக்கும் தாராளமாகப் போடுங்கள். வாயில் வைக்க முடியாத உப்பு என்றால் விடுங்கள், வீண் வேலை.

மானிப்பாய்: பிஞ்சில் கறுப்புப் புள்ளி, வெட்டினால் புழு.

பழ ஈ. தோலுக்குள் முட்டை இட்ட பிறகு எந்த மருந்தும் உள்ளே போகாது. பிஞ்சு தேசிக்காய் அளவு வந்ததும் கடதாசிப் பையால் மூடிக் கட்டுங்கள். கெட்ட காயை எருக்கும்பியில் எறியாதீர்கள், அது ஈ வளர்க்கும் பண்ணை. கறுத்தப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, இரண்டு கிழமை வெயிலில் போடுங்கள். கடையில் விற்கும் கவர்ச்சிப் பொறிக்கு ஆண் ஈ மட்டும்தான் வரும். அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

சாவகச்சேரி: இலையில் மா தூவியது போல வெள்ளை.

சாம்பல் நோய். பழம் முற்றும் நேரம் இலை போனால் இனிப்பும் போச்சு. ஆகவே முதல் புள்ளியிலேயே அந்த இலையை எடுத்துவிடுங்கள். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து காலையில் தெளித்தால் ஆரம்பத்தில் அடங்கும். கந்தகத் தூளும் இதற்குப் போடுவார்கள், ஆனால் எங்கள் பங்குனி வெயிலில் அது இலையைக் கருக்கிவிடும், கவனம். மிஞ்சிப்போனால் ஓர் இலையோடு விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள்.

கொக்குவில்: பறிக்கிற நாள் எப்படித் தெரியும்?

வலைத்தோல் இனத்தில் காம்பைச் சுற்றி ஒரு வெடிப்பு விழும். பெருவிரலால் இலேசாகத் தள்ளினால் கழன்று வரவேண்டும், இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் நாளாகவில்லை. வழுவழுப்பான வெள்ளைத்தோல் இனம் அப்படிக் கழராது. பச்சை போய்ப் பாலாடை நிறம் வந்ததும் காம்பை வெட்டி எடுங்கள். காம்புக்குப் பக்கத்தில் கொடி பற்றிப் பிடிக்கிற சுருள் காய்வதைப் பார்ப்பது வத்தகப்பழத்துக்கு, இதற்கல்ல. அணிலுக்கு எங்களுக்கு ஒருநாள் முன்னமே தெரிந்துவிடும், வலை போடுங்கள்.

இணுவில்: வெள்ளரிப்பழம் போட்டேன். எல்லாம் வெடித்துப் போகிறது. என்ன குறை?

ஒரு குறையும் இல்லை, அது வெடிக்கிற சாதி. வெடிக்கத் தொடங்கியதும் வாழைச் சருகால் சுற்றிக் கட்டி, அன்றைக்கே சர்க்கரை போட்டுச் சாப்பிடுங்கள்.