காந்தப் படுக்கையும் விந்தணு எண்ணிக்கையும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: திருமணமாகி ஐந்து ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. காந்தப் படுக்கையில் மூன்று மாதம் படுத்தால் கணவரின் விந்தணு எண்ணிக்கை உயரும், எலிகளில் நிரூபித்திருக்கிறார்கள் என்று சொல்லி, உறவினர் ஒருவர் 1,40,000 ரூபாய்க்கு விற்றார். எந்தப் பயனும் இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகி, ஈரோடு)

பதில்: கிடைக்க வழி உண்டு, கட்டாயம் முயலுங்கள். குழந்தைக்காக ஏங்கும் தம்பதியரிடம், உறவின் உரிமையோடு வீட்டுக்குள் வந்து இப்படி விற்றது கொடுமை. இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. பில், பணம் செலுத்திய சான்று, துண்டறிக்கை, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் திரட்டி, தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது.

"எலிகளில் நிரூபித்தது" என்ற பேச்சைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த ஒரு வாக்கியத்தை வைத்து எத்தனையோ வீடுகளின் சேமிப்பைக் கரைத்துவிட்டார்கள். 2004இல் வெளியான ஒரு கொரிய ஆய்வில், ஆண் சுண்டெலிகளை 60 ஹெர்ட்ஸ் மாறுகாந்தப் புலத்தில் (நொடிக்கு 60 சுற்று என மாறிக்கொண்டே இருப்பது), 0.1, 0.5 மில்லிடெஸ்லா அளவுகளில் (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு), இரவு பகலாக எட்டு வாரம் வைத்திருந்தார்கள். விந்தணுவாக வளர வேண்டிய செல்கள் விந்தகத்திலேயே மடிவது கூடியது. அதாவது, அங்கே தெரிந்தது கேடுதான், நன்மை அன்று. வேறு பல விலங்குச் சோதனைகளில் எந்த மாற்றமும் தெரியவில்லை. இவற்றையெல்லாம் ஆராய்ந்த உலக சுகாதார அமைப்பு, இனப்பெருக்க பாதிப்பை உறுதிசெய்யச் சான்றுகள் போதாது என்று 2007இல் முடிவு கூறியது. வீடுகளில் பதிவாகும் சராசரிப் புலம் 0.1 மைக்ரோடெஸ்லாவை ஒட்டியது. அந்தச் சுண்டெலிகள் பெற்றது அதைப் போல ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும். உங்கள் படுக்கையில் இருப்பதோ நிலைக்காந்தம். அதன் புலம் மாறாதது, சில அங்குலத்துக்குள்ளேயே வெகுவாகத் தேய்ந்துவிடுவது. மாறுகாந்தப் புலத்தில் செய்த சோதனையைக் காட்டி நிலைக்காந்தத்தை விற்பது அப்பட்டமான ஏமாற்று.

மூன்று மாதக் கெடுவிலும் சூழ்ச்சி இருக்கிறது. மனிதரில் விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆவதால், அந்தக் கெடு அறிவியல்போலத் தோன்றுகிறது. ஒரே ஆணிடம்கூட ஒவ்வொரு பரிசோதனைக்கும் எண்ணிக்கை ஏறி இறங்கும்; தற்செயலாக ஏறியவர் படுக்கையைப் புகழ்வார், ஏறாதவரின் பேச்சு விளம்பரத்தில் வராது. கணவருக்கு இரண்டு முறை விந்துப் பரிசோதனை செய்யுங்கள். மில்லிலிட்டருக்கு 16 மில்லியன் என்பது உலக சுகாதார அமைப்பின் 2021 கையேடு தரும் கீழ்வரம்பு. வேரிகோசில் (விதைப்பையின் இரத்தநாளங்கள் புடைத்திருப்பது) போன்ற, சிகிச்சை உள்ள காரணம் இருந்தால், படுக்கையில் கழித்த மாதங்கள்தான் பெரிய இழப்பு.

கேள்வி: மின்காந்த அலையைத் தடுக்கும் வெள்ளி இழை உள்ளாடை, 3,200 ரூபாய். மடிக்கணினியில் வேலை செய்பவன் நான், வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். மின்கம்பி, மின்மாற்றி ஆகியவற்றின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அந்தத் துணியைத் தாண்டிச் செல்லும். மடிக்கணினியில் கவனிக்க வேண்டியது அதன் சூடு. உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 பாகை குறைந்த வெப்பத்தில்தான் விந்தகம் சரியாக வேலை செய்யும். எனவே கணினியை மடியிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள்.

கேள்வி: முகநூல் விளம்பரத்தைப் பார்த்து, "ஆண்மை காந்தப் பட்டை" ஒன்றுக்கு ஜிபேயில் 6,500 ரூபாய் அனுப்பினேன். பில் தரவில்லை, நிறுவனத்தின் பெயரும் தெரியாது. என்ன செய்வது? (வாசகர், மதுரை)

பதில்: பெயர் தெரியாதவருக்கு, பில் கேட்காமல், ஏன் பணம் அனுப்பினீர்கள்? எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் வருகிறது. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் இன்றே புகார் செய்யுங்கள். முழங்கால் வலிக்கென்று நானும் ஒரு காந்தப் பட்டை வாங்கியிருக்கிறேன். வலி தீர்ந்தது மருத்துவர் சொன்ன பயிற்சியால்தான்.

கேள்வி: பொலிகாளைக்குக் காந்த நீர் கொடுத்தால் விந்தின் தரம் கூடும் என்று 18,000 ரூபாய்க்குக் கருவி விற்கிறார்கள். (விவசாயி, காங்கேயம்)

பதில்: காந்தத்தைத் தாண்டி வந்த தண்ணீர் காந்தமாக இருப்பதில்லை. காளையின் விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டு மாதம் ஆவதால், இன்றைய குறைக்குக் காரணம் சென்ற மாதங்களின் வெயிலோ காய்ச்சலோ ஆகவும் இருக்கலாம். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுங்கள். கால்நடை மருத்துவரிடம் விந்தைப் பரிசோதியுங்கள். சினை ஊசிதான் போடுகிறீர்கள் என்றால், உறைவிந்துக் குச்சியை 37 பாகை நீரில் அரை நிமிடம் வைத்து உருக்குகிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: இண்டக்ஷன் அடுப்பு ஆண்களுக்கு ஆபத்தா? (வாசகர், திருச்சி)

பதில்: ஒரு கை தூரம் தள்ளி நின்று சமையுங்கள், அது போதும்.

கேள்வி: செயற்கைக் கருத்தரிப்பு மையத்தில் காந்த முறையில் விந்தணுவைப் பிரிப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். இதுவும் ஏமாற்றா? (வாசகி, சென்னை)

பதில்: இல்லை, இது உண்மையான ஆய்வக முறை. மடிந்துகொண்டிருக்கும் விந்தணுக்களில் மட்டும் ஒட்டும் நுண்காந்த மணிகளைக் கலந்து, காந்தம் பொருத்திய குழாய் வழியே செலுத்தினால், அவை உள்ளே தங்கிவிட, மற்றவை வெளியே வருகின்றன. ஆனால் இதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. உங்கள் கணவரின் அறிக்கையில் எந்தக் குறையைப் பார்த்து இதைப் பரிந்துரைக்கிறார்கள் என்று மருத்துவரிடமே கேளுங்கள். கட்டணத்தைத் தனியாகக் காட்டி எழுதித் தரச் சொல்லிவிட்டுப் பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.