மலையில் லினக்ஸ், மின்வெட்டு, ஆக்‌ஷன் ஆர்பிஜி: எந்த கேம் சரிப்படும்?

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் சிற்றூர்) கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். அண்ணன் விட்டுப்போன லேப்டாப்பில் இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், என்விடியா 940எம்எக்ஸ், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 இதில் ஏற மறுக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸுக்கு மாறினால் கிரிம் டான், டைட்டன் குவெஸ்ட், பாத் ஆஃப் எக்ஸைல் போன்ற ஆக்‌ஷன் ஆர்பிஜிகள் (ஒரு கேரக்டரை வளர்த்துச் சண்டை போடும் கேம்கள்) எல்லாம் ஓடுமா? கிரிம் டானில் வளர்த்த கேரக்டர் போய்விடுமா? வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட் மட்டும்தான், இத்தனை ஜிபியை எப்படி இறக்குவது? அம்மா மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை இதே லேப்டாப்பில் தமிழில் எழுதுகிறார், அதற்குப் பாதகம் வரக்கூடாது என்றும் சேர்த்திருக்கிறார்.

தாராளமாக மாறலாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது, உங்களுடையது ஒரு படி கீழே. நல்ல நிலையில் இருக்கும் மெஷினை அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் கேம் விஷயத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று உங்களைத் தடுக்கப்போவது லினக்ஸ் இல்லை. கிராபிக்ஸ் சிப்பின் வயதும், மலையில் நெட்டும் கரண்டும் வந்துபோகிற விதமும்தான். கேமைத் தேர்ந்தெடுக்கும்போது ‘லினக்ஸில் ஓடுமா’ என்பதற்கு முன்னால் ‘நெட் இல்லாமல் ஓடுமா’ என்று கேளுங்கள்.

விண்டோஸ் கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் பாதிக் குழப்பம் வராது. 1993-இல் தொடங்கிய ஒயின் என்ற திட்டம், விண்டோஸ் புரோகிராம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. அதை அடிப்படையாக வைத்து வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் ப்ரோட்டானை வெளியிட்டு, கேம் வாங்கி இறக்கும் தன் ஸ்டீம் செயலிக்குள்ளேயே சேர்த்தது. கேம்கள் படம் வரைவதற்கு டைரக்ட்3டி மொழியில் கட்டளை இடும். டிஎக்ஸ்விகே என்ற பகுதி அதை லினக்ஸில் புரியும் வல்கன் என்ற இன்னொரு மொழியின் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. டைரக்ட்3டி 12 கேம்களுக்கு விகேடி3டி என்று தனிப்பகுதி உண்டு. ஆகவே உங்கள் கிராபிக்ஸ் சிப்பும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் வல்கனை முழுசாகப் பேச வேண்டும். 2022-இல் வந்த டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம். நான்காம் தலைமுறை இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸ் இங்கேதான் மாட்டிக்கொள்ளும், பழைய ப்ரோட்டான் பதிப்பைத் தேடிப் போக வேண்டிவரும். உங்கள் ஏழாம் தலைமுறைக்கு அந்தக் கவலை இல்லை. 940எம்எக்ஸுக்கும் இல்லை, ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது.

அது மேக்ஸ்வெல் குடும்பத்துச் சிப். என்விடியாவின் 580 வரிசைதான் அந்தக் குடும்பத்துக்குக் கடைசி டிரைவர், அதற்கு மேலே வருபவை இந்தக் கார்டைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் எதையும் சுடச்சுடப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ரோலிங் வகை லினக்ஸையோ, கேமிங்குக்கென்றே வருகிற புது வகைகளையோ உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். ஹாட்ஸ்பாட்டில் அவற்றின் அப்டேட்டுகளே டேட்டாவைத் தின்றுவிடும். லினக்ஸ் மின்ட் 22 போடுங்கள். உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு, விண்டோஸ் பழகியவர் கைக்கு உடனே பிடிபடும். போட்ட பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து 580 வரிசையைத் தேர்ந்தெடுங்கள். இப்படி இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் சும்மா விட்டால் கேம் சில சமயம் இன்டெலிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரும் என்விடியா ஐகானில் செயல்திறன் முறைக்கு மாற்றி, ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள். ஸ்டீமை ஃபிளாட்பேக்காக (தனக்கு வேண்டியதையெல்லாம் தானே சுமந்துவரும் பொதி) போடாதீர்கள், சாதாரண டெப் பொதியாகப் போடுங்கள். ஃபிளாட்பேக் என்விடியா டிரைவரைத் தனக்கென்று இன்னொரு முறை இறக்கும். டிரைவர் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இதே கதைதான்.

ஒரு செலவு மட்டும் அவசியம் என்பேன்: ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 500 ஜிபி அளவில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்). அதைச் செய்யாமல் வேறு எதற்குச் செலவழித்தாலும் வித்தியாசம் தெரியாது.

இனி கேம்கள். கிரிம் டானைத்தான் முதலில் சொல்வேன், அது எனக்குப் பிடித்த கேம் என்பதையும் மறைக்கவில்லை. 2016-இல் வந்தது, 2006-இல் வந்த டைட்டன் குவெஸ்டின் எஞ்சினை வளர்த்துக் கட்டியது. இரண்டு வித்தைகளைச் சேர்த்து உங்கள் கேரக்டரை உருவாக்கும் முறை இரண்டிலும் உண்டு. கிரிம் டானில் அது இன்னும் ஆழமாகப் போகிறது, வானத்து நட்சத்திரக் கூட்டங்களில் புள்ளி சேர்த்துப் பெறும் சக்திகளையும் கணக்குப் போட்டால் ஒரு மழைக்காலம் போதாது. முழுக்க ஆஃப்லைனில் ஆடலாம். தனியாக ஆடும்போது எஸ்கேப் தட்டினால் சண்டை அப்படியே நிற்கும். காற்றடித்து லைன் மேல் மரம் விழும் ஊரில் இது பெரிய வசதி. டைட்டன் குவெஸ்டின் 2016 ஆண்டுவிழாப் பதிப்பும் இதே ரகம், உங்கள் கார்டுக்கு லேசு. 2012-இல் வந்த டார்ச்லைட் 2 அதைவிடவும் லேசு, அதற்கு லினக்ஸ் பதிப்பே தனியாக உண்டு. காசில்லாமல் வேண்டுமானால் ஃபிளேர் என்ற திறமூல ஆக்‌ஷன் ஆர்பிஜி மின்டின் மென்பொருள் மேலாளரிலேயே கிடைக்கும். சின்ன கேம், ஆனாலும் நேர்மையான உழைப்பு.

பாத் ஆஃப் எக்ஸைல் ப்ரோட்டானில் நன்றாகவே ஓடும், படத்தரத்தைக் குறைத்தால் உங்கள் கார்டும் ஒத்துழைக்கும். சிக்கல் வேறு: அது எப்போதும் ஆன்லைன். அதன் அமைப்பில் நெட்வொர்க் முறை இரண்டு இருக்கிறது. லாக்ஸ்டெப்பில் சர்வர் பதில் வந்தபிறகே உங்கள் கேரக்டர் அசையும், டவர் சிக்னல் ஏறி இறங்கினால் கால் கட்டிப்போட்டதுபோல நிற்கும். ஹாட்ஸ்பாட்டில் பிரிடிக்டிவ் முறையே பரவாயில்லை, உடனே அசையும். ஆனால் திரையில் தெரிகிற இடமும் சர்வர் கணக்கில் உள்ள இடமும் சில நேரம் விலகும். ஹார்ட்கோர் லீக் பக்கம் போகவே வேண்டாம். இணைப்பு அறுந்து கேரக்டர் செத்தால் அது சாதாரண லீக்குக்கு இறக்கப்படும், திரும்ப ஏற்ற முடியாது. டயாப்லோ 4-உம் இதேபோல நெட் இல்லாமல் நகராது. டயாப்லோ 2 ரிசரெக்டட் ஆஃப்லைனில் ஆடலாம் என்றாலும் 30 நாளுக்கு ஒருமுறை நெட்டில் தலைகாட்டச் சொல்லும். எல்டன் ரிங் லினக்ஸில் அருமையாக ஓடுகிறது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளும் ஒத்துழைக்கிறது. ஆனால் குறைந்தபட்சத் தேவையே 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060. உங்கள் மெஷினில் முயன்று நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

உங்கள் கிரிம் டான் கேரக்டர் பத்திரமாக வரும். விண்டோஸை அழிப்பதற்கு முன் கேமின் அமைப்பில் கிளவுட் சேவ் (ஆட்டத்தை இணையத்தில் சேமிக்கும் வசதி) ஆன் ஆக இருக்கிறதா, ஆஃப் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப் என்றால் டாக்குமென்ட்ஸுக்குள் மை கேம்ஸ், அதற்குள் கிரிம் டான், அதற்குள் சேவ் என்ற ஃபோல்டரில் எல்லாம் இருக்கும். அதை அப்படியே பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆன் என்றால் ஸ்டீம் கணக்கோடு வந்துவிடும். ஆனாலும் ஒருமுறை ஆஃப் செய்து உள்ளூர்ப் பிரதி ஒன்றை எடுத்துவைப்பது என் பழக்கம். லினக்ஸில் ப்ரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி சி டிரைவை உருவாக்கும். ஸ்டீம் ஃபோல்டரில் காம்பாட்டேட்டா என்பதற்குள் எண்களாகக் கிடக்கும் ஃபோல்டர்கள் அவைதான். கிரிம் டானின் எண் 219990. கேமை ஒருமுறை திறந்து மூடினால் அது உருவாகிவிடும். உள்ளே ஸ்டீம்யூசர் என்ற பயனரின் டாக்குமென்ட்ஸில் பழைய இடத்திலேயே சேவ் ஃபோல்டரை வையுங்கள். இடம் அடைக்கிறதே என்று காம்பாட்டேட்டாவை அழித்தால் கிளவுடில் இல்லாத சேவ் எல்லாம் அதோடு போகும், அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஜிபி கணக்குக்கு வழி இருக்கிறது. ப்ரோட்டான் ஓட்டுவது விண்டோஸ் கேமையே என்பதால் கோப்புகள் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ ஃபைபர் இணைப்புள்ள நண்பர் வீட்டு விண்டோஸ் கணினியில் உங்கள் ஸ்டீம் கணக்கால் கேமை இறக்குங்கள். ஸ்டீம்ஆப்ஸின் காமன் ஃபோல்டரிலிருந்து அந்த கேமின் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் எடுத்துவந்து, லினக்ஸ் ஸ்டீமின் காமனில் அதே பெயரில் போட்டு, இன்ஸ்டால் அழுத்துங்கள். இருப்பதைச் சரிபார்த்துவிட்டு விடுபட்டதை மட்டும் இறக்கும். டார்ச்லைட் 2-க்கு மட்டும் கேமின் பண்புகளில் ப்ரோட்டானைக் கட்டாயமாக்கிவிட்டு இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் லினக்ஸ் பதிப்பை முதலிலிருந்து இறக்கப் பார்க்கும். சுமந்துவரும் டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் இருக்கட்டும், ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. கேம் வசிக்கும் டிஸ்க் மட்டும் லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபார்மேட் ஆக வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கிலிருந்தே ஓட்டிவிடலாம் என்று பலர் பார்க்கிறார்கள். ப்ரோட்டான் உருவாக்கும் சில பெயர்களில் முக்காற்புள்ளி வரும், விண்டோஸ் முறையில் அந்தக் குறிக்கு அனுமதி இல்லாததால் கேம் திறக்காமல் அடம்பிடிக்கும். ஸ்டீம் அமைப்பில் ஷேடர் (படம் வரைய உதவும் சிறு நிரல்) முன்பதிவிறக்கத்தை அணைத்துவிடுங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் திக்கும், டேட்டா மிச்சமாகும். ஒவ்வொரு கேமையும் நெட் இருக்கும்போது ஒருமுறை திறந்துவிட்டு, பிறகு ஆஃப்லைன் முறைக்குப் போங்கள்.

கரண்ட் விஷயம். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு வயதான லேப்டாப்பில் பேட்டரி செத்திருந்தால் கரண்ட் போகும் அதே நொடியில் சேவ் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம், பாதிக் கோப்போடு நிற்கும். இஎக்ஸ்டி4-இல் உள்ள ஜர்னல் என்ற பதிவேடு டிஸ்க்கின் ஒழுங்கைக் காப்பாற்றும், பாதி எழுதிய சேவ் கோப்பை முழுசாக்கித் தராது. எஸ்எஸ்டிக்கு அடுத்த செலவு புது பேட்டரிதான். சிஸ்டத்தை நகலெடுத்து வைக்க மின்டிலேயே உள்ள டைம்ஷிஃப்டை வாரம் ஒருமுறை என்று வைத்துவிடுங்கள். அது உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாது, கேமின் சேவ் கோப்புகளையும் கணக்குக் கோப்புகளையும் தனியாக எடுத்துவைக்க வேண்டும். அப்புறம், குளிர் ஊர் என்பதால் சூடாகாது என்று நம்பி ஃபேன் ஓட்டையை மூடும்படி கம்பளி மேல் வைத்து ஆடாதீர்கள். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்று சூட்டை எடுத்துப்போவதும் குறைவு.

அம்மாவின் கணக்குக்கு மின்டோடு லிப்ரே ஆபீஸ் வருகிறது, எக்ஸெல் கோப்புகளைத் திறக்கும். தமிழ் உள்ளீட்டில் தமிழ்99, ஒலியியல், தட்டச்சு முறை மூன்றுமே கிடைக்கும், அவர் விரல் பழகியதையே போட்டுக்கொடுங்கள். பழைய கோப்புகள் யூனிகோடில் இல்லாமல் பாமினி மாதிரி எழுத்துருவில் இருந்தால் மட்டும் கவனம் தேவை. அந்த எழுத்துருக் கோப்பை விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து லினக்ஸில் நிறுவினால் படிக்க வரும், ஆனால் அதில் புதிதாகத் தட்டச்சு செய்வது சிரமம். விண்டோஸை அழிப்பதற்கு முன்பே ஒரு மாற்றியைக் கொண்டு அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, தொகைகளும் பெயர்களும் சரியாக வந்திருக்கின்றனவா என்று அம்மாவையே உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.